நாலே நாலு கம்ப்யூட்டர்

நான் ஆவடியில், தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் கேட்டில் பெயர் எழுதி, யார் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையே கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா உள்ளே கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கோ அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்றால் நிற்க வேண்டியதுதான், அது யார் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தால் என்ன? இந்தக் குணத்தோடுதான் நான் நெட்வொர்க் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

வேலை பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில். கல்லூரி முழுக்க நாற்பது ஸ்விட்சுகள். ஸ்விட்ச் என்றால் சுவரில் விளக்குப் போடுவது அல்ல. மாடிக்கு ஒன்றோ இரண்டோ, சுவரில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் கருவி. அந்த மாடியிலுள்ள கணினிகளின் ஒயர்கள் எல்லாம் அதில்தான் வந்து சொருகும். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு துளை, அதற்குப் பெயர் போர்ட். உட்கார்ந்த இடத்திலிருந்தே கணினி வழியாக ஸ்விட்சுக்குள் நுழைந்து எந்தப் போர்ட்டை வேண்டுமானாலும் மூடலாம், திறக்கலாம். நுழைவதற்குக் கடவுச்சொல் வேண்டும். எங்கள் கடவுச்சொல்லோ, பெட்டிகளை மாட்டிக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் அன்றைக்கு வைத்துவிட்டுப் போனது. மாற்றினால் நிர்வாகத்தில் யாருக்காவது மறந்துவிடும் என்று மாற்ற விடவே மாட்டார்கள். கல்லூரியில் அது தெரியாதவர் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு முறை விடுதி மாணவன் எவனோ உள்ளே புகுந்து, ஸ்விட்சின் பெயரை எடுத்துவிட்டு ஒரு நடிகையின் பெயரை வைத்திருந்தான். எங்கள் பிரிவு மேனேஜர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம்தான் நான் மாஸ்க் போட்டேன். ஸ்விட்சுக்குள் ஒரு பட்டியல் உண்டு. எந்தக் கணினியிலிருந்து வந்தால் உள்ளே விடலாம் என்று அதில் எழுதி வைக்கலாம். மற்ற கணினியிலிருந்து வந்தால், சரியான கடவுச்சொல்லைக் கையில் வைத்திருந்தாலும் கதவு திறக்காது. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பகுதி. முதலில் கணினியின் முகவரி, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். பக்கத்தில் மாஸ்க், அதுவும் நான்கு எண்கள். மாஸ்க்கில் 255 என்று இருக்கிற இடத்தில் முகவரி அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். 0 என்று இருக்கிற இடத்தில் எந்த எண் இருந்தாலும் கேள்வி கிடையாது. கடைசி எண்ணையும் 255 என்று போட்டால் ஒரே ஒரு கணினிக்கு அனுமதி. 252 என்று போட்டால் அடுத்தடுத்த நான்கு கணினிகளுக்கு.

நான் 252 போட்டேன். கடைசி எண் நாற்பதில் தொடங்கி நாற்பத்து மூன்று வரை நான்கு முகவரிகள். நாற்பது என் மேஜை. நாற்பத்தொன்று மேனேஜர். நாற்பத்திரண்டு சர்வர் அறை. நாற்பத்து மூன்று லேப் டெக்னீஷியன் அறை. விடுமுறை நாட்களில் தனியாக உட்கார்ந்து நாற்பது ஸ்விட்சுக்கும் போட்டு முடித்தேன். எந்த ஸ்விட்ச், எந்த முகவரி, எந்த மாஸ்க் என்று எக்செல்லில் ஒரு அட்டவணையும் செய்து அச்சடித்துக் கோப்பில் வைத்தேன். யாரும் கேட்காமலே செய்த வேலை அது. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்துகொண்டது.

நாற்பத்து மூன்றாம் கணினியில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேப் டெக்னீஷியன். ஐம்பதைத் தாண்டியவர். வீடு வேப்பம்பட்டு. காலையில் ரயில் ஏறி ஆவடியில் இறங்கி, பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். எட்டரைக்கு முன்னால் அறையைத் திறந்துவிடுவார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சர்ச்சில் கொடுக்கும் வசனக் காலண்டர். படிப்பு டிப்ளமோ. பத்து வருஷத்துக்கு மேலாகியும் ஒப்பந்தப் பணிதான். அவருடைய பெண் எங்கள் கல்லூரியிலேயே ஊழியர் பிள்ளைகளுக்கான இடத்தில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மற்றவர் முன்னால் என்னை மேடம் என்பார். தனியாக இருந்தால் 'இன்னாமா, சாப்ட்டியா' என்பார். நான் அவரை அண்ணே என்பேன்.

செய்முறைத் தேர்வு நடக்கும்போது மாணவர்கள் இணையத்தைப் பார்த்து எழுதிவிடக் கூடாது. அதனால் அந்த ஆய்வகத்து ஸ்விட்சில், இணையத்துக்குப் போகும் ஒரு போர்ட்டை மட்டும் தேர்வுக்கு முன் மூடிவிட வேண்டும். ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கும் தேர்வு சர்வரும், நாங்கள் ஸ்விட்சுக்குள் நுழைவதற்கான தனி ஒயரும் மட்டும் ஓடும். இதைச் செய்வது அவர் பொறுப்பு. எப்படிச் செய்வது என்று நான்தான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன், வரிசை எண் போட்டு ஐந்து வரி. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் விரல் வைத்து வரி வரியாகப் படித்துத்தான் அடிப்பார். மனப்பாடமாகத் தெரியும் என்றாலும் சீட்டைப் பார்க்காமல் ஒரு எழுத்து அடிக்க மாட்டார்.

அன்றைக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வு. மூன்றாவது மாடி ஆய்வகத்தில் ஒரு அணி எழுதிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு இரண்டாவது மாடியில் அடுத்த அணி. பத்தே முக்கால் வாக்கில் மூன்றாவது மாடியில் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் தேர்வு சர்வரை விட்டுக் கழன்றுகொண்டன. எழுதியது யாருக்கும் சேமிப்பாகவில்லை. நான் மடிக்கணினியையும் ஒரு கேபிளையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஸ்விட்சில் நேராகக் கேபிளைச் சொருகிப் பார்த்தால் அத்தனை போர்ட்டும் மூடியிருந்தது. பழுது இல்லை. யாரோ உள்ளே நுழைந்து மூடியிருக்கிறார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் பிரின்சிபால் வந்து நின்றார். எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். நான் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். மூடியவர் அந்த மாற்றத்தைச் சேமித்து வைக்கவில்லை போலிருக்கிறது, பழையபடி எல்லாம் திறந்துகொண்டது. ஆனால் அந்த மாடலில் யார் எப்போது எந்த முகவரியிலிருந்து நுழைந்தார்கள் என்கிற பதிவு, மின்சாரம் போனால் சேர்ந்து போய்விடும். அது எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு நிமிஷம் ஒதுக்கி அந்தப் பதிவைப் படம் பிடித்துவிட்டு அணைத்திருக்கலாம். அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். பிரின்சிபால், துறைத் தலைவர், நிர்வாக அலுவலர் என்று மூன்று பேர். என்னைக் கூப்பிட்டு ஸ்விட்சுக்குள் யாரெல்லாம் நுழைய முடியும் என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி நான் கோப்பைத் திறந்து அட்டவணையை மேஜையில் வைத்தேன்.

"நாலே நாலு கம்ப்யூட்டர்தான் சார். வேற எங்கேருந்தும் முடியாது."

"கண்டிப்பாவா?"

"மாஸ்க் போட்டிருக்கு சார். பாஸ்வேர்ட் தெரிஞ்சாலும் உள்ள விடாது."

வாய் நிறையப் பெருமையோடு சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அந்த அறையில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மாஸ்க் என்றால் என்ன என்று நிர்வாக அலுவலர் கேட்டதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எண்களை எழுதிக் காட்டி விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

பிறகு நான்கையும் ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். நான் அந்த நேரத்தில் அலுவலகத்தில் இரண்டு ஆசிரியர்களோடு இருந்தேன். மேனேஜர் அன்றைக்கு விடுப்பு, அவர் அறை பூட்டு. சர்வர் அறைச் சாவி என் கைப்பையில். மிச்சம் நாற்பத்து மூன்று. பத்தே முக்காலுக்கு அவர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து, இரண்டாவது மாடி ஸ்விட்சில் இணையப் போர்ட்டை மூடிக்கொண்டிருந்தார். அதை அவரே சொன்னார். ஒரு வாரம் முன்னால் விடுப்பு கேட்டுத் துறைத் தலைவரோடு அவருக்குச் சத்தமாக வாக்குவாதம் நடந்திருந்தது. அதையும் எடுத்து மேஜையில் போட்டார்கள்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"சார், நான் ரெண்டாவது மாடி பொட்டிலதான் சார் வேல செஞ்சேன். சீட்ட பாத்துதான் அட்ச்சேன். மூணாவது மாடிய காலைல ஒம்பதுக்கே முட்ச்சிட்டேன். அப்பால அந்தப் பக்கம் போகவே இல்ல சார்."

"அப்ப வேற யாருய்யா போனது? மேடம் தெளிவா சொல்லிட்டாங்க, நாலு கம்ப்யூட்டர்தான்னு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"யம்மா, நீயே சொல்லு. நான் அப்டி பண்ற ஆளா?"

அந்த அறையில் அவர் என்னை மேடம் என்று சொல்ல மறந்துவிட்டார். நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். "சிஸ்டத்துல என்ன இருக்கோ அதைத்தான் சொல்றேன் அண்ணே."

சிஸ்டத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. அட்டவணையில் இருந்ததைத்தான் சொன்னேன். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அந்த அறையில் வேறு யாருக்குத்தான் உறைத்திருக்கும்?

அவர்கள் அவருக்கு இரண்டு வழி காட்டினார்கள். கவனக் குறைவால் நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பெண் அதே இடத்தில் படித்து முடிக்கலாம். இல்லையென்றால் வேண்டுமென்றே செய்ததாகப் போலீசுக்குப் போவோம், பெண்ணின் இடமும் போய்விடும். அவர் மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு வந்தார், எழுதிக் கொடுத்தார், மேஜையைக் காலி செய்தார். போகும்போது என் அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சை முடித்துவிட்டுப் பார்த்தபோது அவர் இல்லை. உண்மையைச் சொல்வதானால், போனில் பேச்சு முன்னாலேயே முடிந்துவிட்டது. அவர் போகட்டும் என்று காதிலேயே வைத்திருந்தேன்.

எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் சந்தேகம் இல்லை. அவர் செய்திருக்கிறார், கோபத்தில் ஏதோ செய்துவிட்டார், மனுஷன் தானே என்று எனக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தேன். வீட்டில் என் கணவர் ஒரு முறை, "அவரைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்றபோது, "உங்களுக்கு நெட்வொர்க்கைப் பத்தி என்ன தெரியும்" என்று வாயை அடைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து, மே மாதம். மாணவர்கள் இல்லாத கல்லூரி. ஏசியை அணைத்துவிட்டிருந்தார்கள். ஸ்விட்சுகளுக்கெல்லாம் புது மென்பொருள் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து அதன் அமைப்புகளை முழுசாக நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடி ஆய்வகத்து ஸ்விட்ச் வந்தது. நகலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். அனுமதிப் பட்டியல். முகவரி சரியாக இருந்தது. மாஸ்க்கின் கடைசி எண் 252 இல்லை. 0.

முதலில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. அந்த ஸ்விட்ச் பழைய ஸ்விட்ச் அல்ல. ஐப்பசி மழையில் இடி விழுந்து முதலில் இருந்தது கருகிப்போக, அதன் இடத்தில் வேறொன்றை நான்தான் மாட்டினேன். மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆசிரியர் அவசரப்படுத்தினார். ஸ்டூல் மேல் நின்றபடி, மடிக்கணினியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையால் அடித்தேன். புது ஸ்விட்சுக்கு முதலில் அதன் சொந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். அந்த வரியின் மாஸ்க் எப்போதும் 255.255.255.0. என்னைப் போன்றவர்கள் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அடிக்கிற எண் அது. கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வோம். அதற்கு அடுத்த வரி அனுமதிப் பட்டியல். அங்கேயும் மாஸ்க் என்று கேட்டது. கை பழக்கத்தில் அதையே அடித்துவிட்டது. ஸ்விட்ச் மறுக்கவில்லை. அதைப் பொறுத்தவரை அதுவும் சரியான எண்தான். நான் நினைத்தது நான்கு பேருக்கான கதவு. நான் போட்டது அந்த வலையிலுள்ள ஒவ்வொரு கணினிக்குமான கதவு. அதே மாடியில் தேர்வு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களுடைய கணினிகளும் அந்த வலையில்தான் இருந்தன. கடவுச்சொல்லும் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் செய்தது என்ன என்று கேட்டால் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும். 0 என்பதை 252 என்று மாற்றிச் சேமித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் பிறகுதான் அந்த அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்புறம் என்ன? அவர் தானா எழுதிக் குடுத்துட்டுப் போனவரு. முடிஞ்ச ஃபைல். இப்ப நீ போய்க் கிளறினா அடுத்து உன்னைத்தான் கேப்பாங்க. அப்புறம் என்னையும். ரெண்டு புள்ள வெச்சிருக்கற, சும்மா இருக்க மாட்டியா?"

பத்து நாள் சும்மா இருந்தேன். அந்தப் பத்து நாளும் நான் கேட்டையும் பட்டியலையும் பற்றி யோசிக்கவில்லை, நியாயத்தைப் பற்றியும் யோசிக்கவில்லை. என் வேலை போனால் வீட்டுக்கு என்ன சொல்வது என்று மட்டும்தான் யோசித்தேன். பதினோராம் நாள் பிரின்சிபாலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்றாவது மாடி ஸ்விட்சில் மாஸ்க்கை நான் தப்பாகப் போட்டுவிட்டேன், அன்றைக்கு எந்தக் கணினியிலிருந்தும் அதற்குள் நுழைந்திருக்க முடியும், விசாரணையில் நான் சொன்னது தவறு என்று ஒளிக்காமல் எழுதினேன். அனுப்பிவிட்டு, கூப்பிடுவார்கள், திட்டுவார்கள், வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது. தகவல் பெறப்பட்டது, இனி இப்படி நேராமல் பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான். வேலையை விட்டுப் போனவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர் நசரத்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலைக்குப் போவதாக அலுவலக உதவியாளர் ஒருவர் சொன்னார். ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் மண் சாலை, இரண்டு பக்கமும் லாரிகள். சாப்பாட்டு நேரம். கிடங்கு வாசலில் இன்னும் சில பேரோடு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, கையெல்லாம் பசை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று தயாராக வந்திருந்தேன்.

"இன்னாமா, இவ்ளோ தூரம் வந்துகீற? வா வா, டீ சாப்டலாம்."

எதிரில் இருந்த தகரக் கூரை டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். என்ன வேலை என்று கேட்டேன். பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிறாராம்.

"பில்லு போட்ற கம்ப்யூட்டர்லதான் ஒக்கார சொன்னாங்கோ. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன் அண்ணே?"

"பயமா கீதுமா. என் கை மேல எனுக்கே நம்பிக்க இல்ல இப்ப." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மொதல்ல ரெண்டு மூணு நாளு எனுக்கும் கோவந்தான். நான் பண்லியே, நம்மள இப்டி பண்ட்டாங்களேன்னு. ஜெபத்துலகூட அழுதேன். அப்பால ஒக்காந்து யோசிச்சேன். நீ பொய் சொல்ற ஆளு இல்ல. நாலு பொட்டிதான்னு நீ சொன்னா நாலு பொட்டிதான். மத்த மூணும் இல்ல. அப்போ நான்தான? ரெண்டாவது மாடின்னு நெனச்சிகினு மூணாவது மாடிக்குள்ள பூந்துகீறேன். ஒரு போர்ட்டுக்கு பதிலா எல்லாத்தியும் மூடிகீறேன். சீட்ட பாத்துதான் அட்ச்சேன்னு நெனப்பு கீது, ஆனா வயசாய்ட்ச்சில்ல. எனுக்கே தெரியாம கை எதியோ தட்டிட்ச்சி."

டீ வந்தது. நான் டம்ளரை வாங்கி அப்படியே பெஞ்சில் வைத்தேன்.

"எம் பொண்ணாண்டகூட அப்டித்தான் சொன்னேன். அப்பாதாம்மா தப்பு பண்ட்டேன், பாவம் பசங்க பரிச்ச பூட்ச்சின்னு. அது காலேஜ்ல யாராண்டயும் எங்கப்பா இங்க வேல செஞ்சாருன்னு சொல்றதில்லியாம். என்னாண்டயும் பேச்சு கொறஞ்சி போச்சி. அத்த குத்தம் சொல்ல முடியுமா?"

இதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இடி விழுந்த ஸ்விட்ச், ஸ்டூல், அவசரம், 252 போட வேண்டிய இடத்தில் போட்ட 0. மாஸ்க் என்றால் என்ன என்று விசாரணையில் நிர்வாக அலுவலருக்கு விளக்கிய அதே விளக்கத்தை அவருக்கும் சொன்னேன். நான்கு கணினி இல்லை, இருநூறுக்கும் மேல் என்றேன். எவனோ ஒரு மாணவன்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்திருக்கலாம் என்றேன். மின்னஞ்சல் எழுதியதையும், வந்த பதிலையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பிறகு நிமிர்ந்தார். இத்தனை மாதத்தில் யாரும் கேட்காததை, மிக மெதுவாக, அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் பண்லியாமா?"

ஆமாம் அண்ணே, நீங்கள் பண்ணவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் பதிவு அழிந்துவிட்டது. அதை அழித்தவள் நான். யார் செய்தார்கள் என்று இனி எந்தக் காலத்திலும் யாராலும் சொல்ல முடியாது. மாணவனாக இருக்கலாம். அவர் சொன்ன மாதிரி அவருடைய கையாகவும் இருக்கலாம். ஒரு முறை தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி இந்த மனிதரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். இரண்டாவது முறையும் அதையே செய்ய நாக்கு வரவில்லை.

"தெரியாது அண்ணே," என்றேன். "அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். கிடங்குக்குள் மணி அடித்தது, மற்றவர்கள் எழுந்து போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மட்டும் எப்டிமா உனுக்குத் தெரிஞ்சிது?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.